முகாமில் புது வீடு கட்டித் தந்துவிட்டார்கள். வாசலில் யார் பெயரை எழுதுவது?

வண்ணக்கலவை (இழையைத் தொடங்கியவர்)

மூன்று மாதங்களுக்கு முன், தமிழ்நாட்டில் உள்ள எங்கள் இலங்கைத் தமிழர் முகாமில் புது வீட்டுக்குக் குடிபோனோம். அதற்கு முன் இருந்தது பத்துக்குப் பத்து அறை, தார் அட்டைக் கூரை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் கால் நீட்டிப் படுக்க முடியாது என்பதால் நானும் அப்பாவும் வேப்பமரத்தடிக்குப் போய்விடுவோம். இப்போது தனிச் சமையலறை, தனிக் கழிப்பறை, கான்கிரீட் கூரை. முதல் மழைக்கு அம்மா பழக்கதோஷத்தில் நடுவீட்டில் அண்டாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு சொட்டுக்கூட விழவில்லை. ஆனாலும் அண்டா விடியும்வரை அங்கேயே இருந்தது.

நான் பி.காம். படித்தவன், பெயிண்ட் அடித்துப் பிழைக்கிறேன். எங்கள் முகாமில் பாதி ஆண்களுக்கு இதே தொழில்தான். ஊரார் வீடுகளுக்கெல்லாம் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்த கை. நம் வீட்டு வாசலிலும் அப்பாவின் பெயரை எழுதலாம் என்று தூரிகையை எடுத்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். "பெயரெல்லாம் எழுதாதே தம்பி, இது அரசாங்கத்தின் வீடு. எண்ணை மட்டும் எழுது." எண்ணை மட்டும் எழுதினேன்.

அன்றிலிருந்து இந்தக் கேள்வி அரிக்கிறது. அப்பா இலங்கையிலிருந்து வந்தது 1985இல். நாற்பது ஆண்டுகளாக அரிசி, பணக்கொடை (அரசு தரும் மாதப் பணம்), துணிமணி, இப்போது வீடு எல்லாம் கிடைக்கின்றன. நன்றி இல்லாமல் பேசவில்லை. ஆனால் இத்தனை ஆண்டுகள் ஓடிய பிறகும் இதற்கு நிவாரணம் என்றுதான் பெயரா, உரிமை இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பொதுஜனம்65

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊரில் ஆதிதிராவிடர் காலனியில் தொகுப்பு வீடுகள் இடிந்து கம்பி தெரிகிறது. மனுக் கொடுத்துக் கொடுத்துக் கை வலிக்கிறது. அவர்களும் இந்த நாட்டு மக்கள்தானே? உங்களுக்கு வீடு, அரிசி, மாதப் பணம், எரிவாயு அடுப்பு எல்லாம் வருகிறது. அதற்கு மேல் வாசலில் பெயரும் வேண்டும் என்றால், வரி கட்டுகிறவன் கேள்வி கேட்கத்தான் செய்வான்.

வண்ணக்கலவை

ஐயா, நானும் வரி கட்டுகிறேன். பெயிண்ட் டப்பாவுக்குக் கடைக்காரர் ஜி.எஸ்.டி. போடும்போது பதிவு அட்டையைக் கேட்பதில்லை.

ஓய்வுபெற்ற கணக்கர்

பொதுஜனம் அவர்கள் கேட்டதில் தவறில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு பேசலாம் என்பதற்காக எழுதுகிறேன். வருவாய்த் துறையில் இருந்தவன் நான், சில ஆண்டுகள் முகாம் பதிவேடும் என் கையில் இருந்தது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. அந்த முதல் அலையில், 1987 வரை வந்தவர்கள் மட்டும் 1,34,053 பேர். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதும் அடுத்த ஓராண்டுக்குள் ஏறத்தாழ அதே அளவு மக்கள் வந்தார்கள். எல்லா அலைகளையும் கூட்டினால் 3,04,269 என்று மத்திய உள்துறை கணக்கு வைத்திருக்கிறது. நடுவில் பலர் திரும்பிப் போனார்கள், சிலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு வசிப்பவர்கள் 34,087 பேர். உதவியெல்லாம் முகாமுக்குத்தான். வெளிப்பதிவுக்காரர்களுக்கு மாதப் பணமும் இல்லை, அரிசியும் இல்லை என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

பணம் யாருடையது? மாநில அரசு முதலில் செலவு செய்யும். பிறகு மத்திய அரசு ஈடுசெய்யும். பணக்கொடையும் அரிசியும் அப்படித்தான் நடந்துவந்தன. 2006இல் குடும்பத் தலைவருக்கு மாதம் 200 ரூபாயாக இருந்ததை 400 ஆக்கினார்கள், 2011இல் 1,000, 2021இல் 1,500. மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் மாதம் 3,500 ரூபாய். என் காலத்தில் அரிசி கிலோ 57 பைசா. அந்த 57 பைசாவுக்குச் சில்லறை கொடுக்க நாங்கள் பட்ட பாட்டைத் தனி இழையாக எழுதலாம்.

வீட்டுக் கணக்குக்கு வருகிறேன். 2021 ஆகஸ்ட் 27 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தது மொத்தம் 317.40 கோடி. அதில் 7,469 வீடுகளுக்கு 231.54 கோடி. வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 3 லட்சத்துச் சொச்சம் வரும். 2023 செப்டம்பரில் வேலூர் மேல்மொணவூரில் திறந்துவைத்த 1,591 வீடுகளுக்கு ஆனது 79.70 கோடி, அதாவது வீட்டுக்கு 5 லட்சம். முதல் மதிப்பீடு போதவில்லை என்பது இதிலிருந்தே தெரிகிறது. தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில் இது எத்தனையாவது தசமம் என்று பார்த்தால், காலனி வீடு இடிந்து கிடப்பதற்கு முகாம் வீடு காரணமில்லை என்பது புரியும். காலனி வீட்டுக்கான சண்டையை அதற்குரிய அலுவலகத்தில் போடவேண்டும். நான் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொதுஜனம்65

கணக்குக்கு நன்றி. வெளிப்பதிவு விவரம் எனக்குத் தெரியாது. காலனி விஷயத்தை விடமாட்டேன், ஆனால் இந்த இழையில் பேசமாட்டேன்.

வேம்படி

"அகதிகள் முகாம்" என்ற பலகையை மாற்றி "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று எழுதியதும் அதே 2021இல்தான். எங்கள் முகாம் நுழைவாயிலில் பழைய எழுத்தின் மேல் ஒரே கை வெள்ளை அடித்து எழுதினார்கள். வெயில் சாய்ந்தால் பழைய "அ" மட்டும் தெரியும். வண்ணக்கலவை அண்ணா, இரண்டு கை அடித்திருக்கவேண்டும் அல்லவா?

வண்ணக்கலவை

முதலில் சுரண்டியிருக்கவேண்டும்.

வன்னிக்காற்று

வவுனியாவிலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றிப் பேசும்போது, இந்தப் பக்கம் அரசாங்க நிவாரணம் எப்படி இருந்தது என்பதும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து வெளியே வந்தோம். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் விட்டார்கள். காட்டை வெட்டி, செம்மண் தரையில் தறப்பாள் கொட்டில்கள். ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் உண்டு: இராமநாதன், அருணாசலம், ஆனந்தகுமாரசுவாமி, கதிர்காமர். பெரிய மனிதர்களின் பெயரில் முள்கம்பி. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் "நலன்புரி நிலையம்". உணவு கொடுக்கவில்லை என்று சொன்னால் பொய். உலக உணவுத் திட்டத்தின் மாவும் பருப்பும் எண்ணெயும் சீனியும் வந்தன. தண்ணீர் பவுசர் (லாரி) வரும்போதுதான் அடிதடி. ஆனால் வாசலுக்கு வெளியே போய் ஒரு தேங்காய் வாங்கிவர அனுமதி கிடையாது. என் தங்கை மாமரத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கம்தான் பார்த்தாள். அந்த ஆண்டு டிசம்பரில்தான் வெளியே போய்வர விட்டார்கள். முகாமை முழுதாக மூடியது 2012 செப்டம்பரில்.

பிறகு மீள்குடியேற்றம். இந்திய அரசு 50,000 வீடுகள் தந்தது. வடக்கு கிழக்கில் வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய், தவணை தவணையாக நம் கணக்கில் போடுவார்கள், நாமே நின்று கட்டவேண்டும். அத்திவாரம் முடிந்தால் அடுத்த தவணை. நல்ல திட்டம், நானே அதில் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். ஆனால் காணிக்குப் பத்திரம் காட்டவேண்டும். காணி உறுதி (பத்திரம்) தொலைந்தவர்கள், காணி பெர்மிட் புதுப்பிக்காதவர்கள், காணிக்குள் ராணுவ முகாம் இருந்தவர்கள் எல்லாம் வரிசையில் பின்னுக்குப் போனார்கள். ஒன்பது முறை இடம்பெயர்ந்தவரிடம் பத்திரம் எங்கே என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

தம்பி, உங்களுக்கு வீடு இருக்கிறது, பத்திரம் இல்லை. எங்களில் சிலருக்குப் பத்திரம் இல்லாததால் வீடே இல்லை.

சட்டக்கல்வி

நிவாரணமா உரிமையா என்று கேட்டதற்கு என் பதில் இது. இந்தியா 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று உள்நாட்டுச் சட்டமும் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் நீங்கள் "அகதி"யே அல்ல. அனுமதியின்றி வந்த வெளிநாட்டவர், அரசு கருணை கூர்ந்து தங்கவைத்திருக்கிறது, அவ்வளவுதான். பணக்கொடை, வீடு எல்லாமே நிர்வாக உத்தரவுகளின் மேல் நிற்கின்றன. ஒரு அரசாணையில் வந்தது இன்னொரு அரசாணையில் போகலாம்.

2003 குடியுரிமைத் திருத்தம் "சட்டவிரோதக் குடியேறி" என்று ஒரு வகையை உண்டாக்கி, அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் வழிகளையும் அடைத்தது. 2019 திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு வழி திறந்ததோடு நின்றுவிட்டது, இலங்கை அதில் இல்லை. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு இலங்கைத் தமிழரின் வழக்கில் "இந்தியா தர்மசாலை அல்ல" என்று நீதிபதி சொன்னது நினைவிருக்கும். அதே ஆண்டு செப்டம்பரில், புதிய குடிவரவுச் சட்டத்தின் கீழ் வந்த விலக்கு உத்தரவில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாததற்கான தண்டனை கிடையாது என்றார்கள். நல்ல செய்திதான். ஆனால் தண்டிக்கமாட்டோம் என்றால் குடிமகன் ஆக்குவோம் என்று பொருளில்லை. பலர் இதைக் குழப்பிக்கொண்டு இனிப்பு வழங்கினார்கள்.

தேயிலைக்கொழுந்து

2015 ஜனவரி 9 அன்றுதான் கொழும்பில் ஆட்சி மாறியது. அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அங்கே அச்சமில்லை என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போலும்.

"திரும்பிப் போகலாமே" என்று சொல்பவர்களுக்கு என் குடும்பக் கதை. பாட்டனாரின் அப்பா திருச்சிப் பக்கமிருந்து கண்டித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். போகும் வழியில், இராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் என்ற ஊரின் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்துவைத்து உடம்பைச் சோதித்துத்தான் கப்பல் ஏற்றினார்கள். 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு மலையகத் தோட்டத் தமிழர்களைத் தலைக்கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார், விண்ணப்ப ரசீது இன்றும் இருக்கிறது. பதில் வருவதற்குள் 1977 கலவரம் வந்து தோட்டத்திலிருந்து விரட்டினார்கள், குடும்பம் வவுனியாவுக்குப் போனது. 1990இல் அங்கிருந்தும் ஓடிவந்து படகேறி இறங்கிய இடம் மண்டபம். முப்பாட்டனைச் சோதித்த அதே முகாம்.

எங்களை எங்கே திருப்பி அனுப்புவது? முகாம்களில் கணிசமானோர் இப்படி மலையக வேர் உள்ளவர்கள். எங்களுக்கு உதவித்தொகை தரும்போது "இலங்கையர்" என்று எழுதுகிறார்கள். இலங்கையில் எங்களை "இந்தியத் தமிழர்" என்று எழுதினார்கள்.

ஓய்வுபெற்ற கணக்கர்

மேலே பதிவேட்டைப் பற்றிச் சொன்னேன். ஒன்றை மறைத்துவிட்டேன், எழுதிவிடுகிறேன்.

பணக்கொடை நாளன்று காலையில் குடும்பம் முழுவதும் வரிசையில் நிற்கவேண்டும். பெயர் வாசிப்பேன், தலையைப் பார்ப்பேன், டிக் போடுவேன். பக்கத்தில் கியூ பிரிவுக் (தமிழ்நாட்டுக் காவல்துறையின் உளவுப் பிரிவு) காவலர் ஒருவர் நிற்பார். ஆள் இல்லையென்றால் சிவப்பு மையில் வட்டம், தொடர்ந்து வராவிட்டால் வெட்டு. வெட்டிய பெயரை மீண்டும் சேர்க்க ஆட்சியர் வரை மனுப் போகவேண்டும். ஒருமுறை கேரளத்துக்குப் பெயிண்ட் வேலைக்குப் போனவர் பஸ் தவறி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். நான் பதிவேட்டை மூடியிருந்தேன். திறந்திருக்கலாம், யாரும் என்னைத் தூக்கில் போட்டிருக்கமாட்டார்கள். திறக்கவில்லை. அவர் மனைவி கைக்குழந்தையோடு நின்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எந்தக் கோப்பில் முடித்துவைப்பது?

1991க்குப் பிறகான ஆண்டுகளில் இன்னும் மோசம். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு முகாம் என்றாலே சந்தேகம். தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. 1992 ஜனவரியில் திருப்பி அனுப்பத் தொடங்கி 1995க்குள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார்கள். விருப்பப்பட்டுத்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் முகமை சென்னையில் அலுவலகம் திறந்ததே 1992இல்தான். அதற்கு முன் போனவர்களின் விருப்பத்தை யார் கேட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். படிவத்தில் கைநாட்டு இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

வண்ணக்கலவை

ஐயா, எங்கள் அப்பாவின் பெயரும் ஒருமுறை வெட்டுப்பட்டது. அவரும் கேரளத்துக்குத்தான் போயிருந்தார். அது வேறு முகாமாக இருக்கும். இருந்தாலும் உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எழுதியிருக்கிறாரே, நல்ல மனுஷன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கடலோரம்

திபெத்தியர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர்களும் இதே நாட்டில் அடைக்கலம் புகுந்தவர்கள். 1960இல் மைசூர் மாநில அரசு (இன்றைய கர்நாடகம்) பைலகுப்பேயில் அவர்களுக்கு மூவாயிரம் ஏக்கர் நிலம் கொடுத்தது. சோளம் விதைத்தார்கள், பள்ளி கட்டினார்கள், மடம் கட்டினார்கள். 2014இல் அவர்களுக்கென்று மத்திய அரசு மறுவாழ்வுக் கொள்கையே வகுத்தது, நிலக் குத்தகையும் அரசுத் திட்டங்களும் அதில் உண்டு. நமக்குக் கிடைத்தது நெல் கிடங்கும் தார் அட்டையும். நிலம் பெற்றவனை யாரும் தலை எண்ணுவதில்லை.

சட்டக்கல்வி

கடலோரம் சொல்வது பெரும்பாலும் சரி. ஆனால் திபெத்தியர்களும் குடிமக்கள் அல்லர், அவர்களும் பதிவுச் சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டுதான் வாழ்கிறார்கள்.

வன்னிக்காற்று

திரும்பி வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் முகமை வழியாக முறைப்படி திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். குற்றம் என்ன தெரியுமா? அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதாம்! ஷெல்லுக்குப் பயந்து படகேறியவர் குடிவரவு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருக்கவேண்டும் போலும். வராதீர்கள் என்று சொல்லவில்லை. என் மாமா குடும்பம் வந்து மன்னாரில் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், காணி விவரம் மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு, பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே ஒருவரை விசாரிக்கவைத்துவிட்டு வாருங்கள்.

வண்ணக்கலவை

எல்லோருக்கும் நன்றி. நான் இழையைத் தொடங்கியதற்கு உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். கேட்கத் தயக்கமாக இருந்தது.

என் அக்கா 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். நான் 1989இல் பிறந்தேன். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே குடிசை. அக்கா பிறப்பாலேயே இந்தியர் என்றும் நான் இல்லை என்றும் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

சட்டக்கல்வி

உண்மை. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்த எவரும், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள். அதன் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்கவேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு இன்னும் கடுமை. 2022இல் மதுரைக் கிளையில், 1986இல் மண்டபத்தில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார், எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. உங்கள் அக்காவின் நிலையும் அதேதான். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா?

வண்ணக்கலவை

இருக்கிறது. பழைய வீட்டை இடிக்கும் முன் தகரப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தபோது, அம்மாவின் கூறைப்புடவை மடிப்புக்குள் கிடைத்தது. மடித்த இடத்தில் கிழிந்திருக்கிறது, எண்ணும் தேதியும் தெரிகின்றன.

ஆனால் அக்கா விண்ணப்பிக்க மறுக்கிறார். "நான் இந்தியர் என்று ஆகிவிட்டால் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். பணக்கொடை போகட்டும். வீட்டிலிருந்து வெளியே போ என்றால் நானும் பிள்ளைகளும் எங்கே போவது?" என்கிறார். அவருக்கும் எங்கள் வரிசையிலேயே ஒரு புது வீடு வந்திருக்கிறது. கணவர் இலங்கையில் பிறந்தவர். பத்துக்குப் பத்தில் இருந்தபோது துணிந்திருப்பாரோ என்னவோ, கான்கிரீட் வீடு வந்த பிறகு பயம் அதிகமாகிவிட்டது. நான் என்ன சொல்லட்டும்?

தேயிலைக்கொழுந்து

இதே பயத்தால்தான் எங்கள் அத்தை மூன்று ஆண்டுகள் சும்மா இருந்தார்.

சட்டக்கல்வி

பயம் நியாயமானது. ஆனால் இப்படிப் பாருங்கள். சட்டப்படி அவர் இன்று விண்ணப்பித்து இந்தியர் ஆகப்போவதில்லை, பிறந்த நாள் முதலே இந்தியர்தான். கணவர் பதிவில் இருக்கும்வரை குடும்ப அட்டை கணவர் பெயரில் தொடரவேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி பதிலை நம்பவேண்டாம். 2004 டிசம்பருக்கு முன் பிறந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளைக்கும் வழி திறக்கும். அதற்குப் பின் பிறந்தவர்கள் விஷயம் சிக்கல், தந்தையின் நிலையைப் பொறுத்தது. மாவட்ட இலவசச் சட்ட உதவி மையத்தில் ஒரு முறை காட்டிவிடுங்கள், கட்டணம் இல்லை.

வண்ணக்கலவை

பிள்ளைகள் இருவரும் அதற்குப் பின் பிறந்தவர்கள்.

பொதுஜனம்65

தம்பி, அக்காவை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவர் இந்தியர் என்றால் வாக்காளர். வாக்காளர் என்றால் எங்கள் காலனிக்காரர்கள் மாதிரி மனுக் கொடுத்துக் கை வலிக்கலாம்.

வண்ணக்கலவை

ஐயா, உங்கள் பதிவை அக்காவிடம் காட்டினேன். முதன்முறையாகச் சிரித்தார்.

இன்று மாலை படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பெயர், பிறந்த இடம், தேதி வரை எழுதிவிட்டார். "நிரந்தர முகவரி" என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டு உங்களிடம் கேட்கச் சொல்கிறார். என்ன எழுதுவது?

ஓய்வுபெற்ற கணக்கர்

புது வீட்டின் கதவு எண், வரிசை, முகாமின் பெயர், அஞ்சல், வட்டம், மாவட்டம். பலகையில் இப்போது இருக்கும் பெயரையே எழுதச் சொல்லுங்கள், பழைய பெயர் வேண்டாம். நீல மை. சான்றிதழின் கிழிந்த மடிப்பில் ஒட்டுநாடா போட்டுவிடாதீர்கள், அசலை அப்படியே ஒரு உறையில் கொண்டுபோங்கள். தாக்கல் செய்யும் நாளில் கணக்கெடுப்பு இருக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்ணக்கலவை

வியாழக்கிழமை கணக்கெடுப்பு. வெள்ளிக்கிழமை போகிறோம்.